சமவெளியில் தனியாகச் சைக்கிள் ஓட்டுவது எளிதா?

ஜனவரி 9

ஒரு வாசகர் கேட்டது: "ஏழு நாள், 700 கிலோமீட்டர். முழுக்கத் திறந்தவெளி, மேடு பள்ளமே கிடையாது. தனியாகப் போகிறேன். மலைப்பாதையில் சுமையோடு ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் ஓட்டிய பழக்கம் உண்டு. அப்படியானால் சமதரையில் 100 தாராளமாக வரும்தானே?"

ஜனவரி 9, இரவு

வராது. முதல் நெடும்பயணத்துக்கு நானும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். மூன்றாம் நாள் மதியம் வண்டியைச் சாலையோரம் சாய்த்து வைத்து, பைகள் விழுத்திய நிழலில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு அரை மணி நேரம் கிடந்தேன்.

மலையில் ஏறினால் இறக்கம் கிடைக்கும். இறக்கத்தில் கால் ஓய்கிறது, உடம்பு சீட்டிலிருந்து எழுகிறது, கை பிடியை மாற்றுகிறது. சமவெளியில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். ஆறு மணி நேரம் ஓட்டினால் ஆறு மணி நேரமும் மிதித்தாக வேண்டும். நிமிடத்துக்கு 75 சுற்று என்று வைத்தால் 27,000 சுற்று. அத்தனையும் ஒரே இருப்பில், ஒரே கோணத்தில், ஒரே மணிக்கட்டில். மலை தசையைக் களைக்க வைக்கும். சமவெளி மூட்டையும் தோலையும் நரம்பையும் தேய்க்கும்.

இது பாதிதான். மீதிப் பாதி காற்று. அதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 10

காற்று.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் முகத்தில் மோதும் காற்றும் 20. எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் நாளில் அதே வேகத்தைப் பிடிக்க நினைத்தால் மோதுவது 40. தடை நான்கு மடங்கு. காற்றைத் தள்ளுவதற்குக் காலிலிருந்து போக வேண்டிய சக்தியும் நான்கு மடங்கு. யாராலும் அதை நாள் முழுக்கக் கொடுக்க முடியாது, அதனால் வேகம் விழுகிறது. அப்படி ஒரு நாளில் எனக்கு 17லிருந்து 9க்கு விழுந்தது. பத்துப் பேர் சேர்ந்து போனால் முறை வைத்து முன்னால் ஓட்டலாம், மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவருக்கு ஒதுங்க முதுகு இல்லை. மரமோ வேலியோ மேடோ இல்லாத நிலத்தில் வேறெந்த மறைப்பும் இல்லை.

"போகும்போது எதிர்காற்று என்றால் வரும்போது பின்காற்று, சரியாகிவிடும்" என்று சொல்வார்கள். ஆகாது. 40 கிலோமீட்டரை எதிர்காற்றில் 10இல் ஓட்டினால் 4 மணி நேரம். திரும்பி 25இல் பறந்து வந்தாலும் 1 மணி 36 நிமிடம். மொத்தம் 5 மணி 36 நிமிடம். காற்றில்லாத நாளில் 18இல் ஓட்டியிருந்தால் ஏறக்குறைய நாலரை மணியில் இரண்டும் முடிந்திருக்கும். எதிர்காற்றில் கழிக்கும் நேரம்தான் நீளம், பின்காற்றில் கழிக்கும் நேரம் குறைவு. அதனால் இழந்தது திரும்பி வராது.

பக்கக் காற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், அது முன்னாலும் தள்ளாது பின்னாலும் இழுக்காது.

ஜனவரி 12

மேலே கடைசி வரி தவறு. ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொன்னதுதான் சரி. குறுக்கே 20இல் வீசும் காற்றில் நீங்கள் 20இல் போனால் இரண்டும் சேர்ந்து சாய்வாக ஏறக்குறைய 28இல் மோதுகிறது. அதில் உங்களை எதிர்க்கும் பங்கை மட்டும் பிரித்துப் பார்த்தாலும், காற்றில்லாத நாளைவிடச் சுமார் நாற்பது சதவீதம் அதிகம். அதாவது நேர்குறுக்கான காற்றும் வேகத்தைத் திருடும். பக்கப்பைகள் மாட்டியிருந்தால் இன்னும் கூடுதலாகத் தள்ளும்.

யோசித்துப் பார்த்தால் என் குறிப்பேட்டில் "காரணமே தெரியாமல் மெதுவான நாள்" என்று எழுதி வைத்த நாட்கள் பல இருக்கின்றன. எல்லாம் குறுக்குக் காற்று நாட்களாகத்தான் இருந்திருக்கும். இத்தனை வருடம் கால் சரியில்லை என்று நினைத்திருந்தேன்.

நம் மொழியில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இப்போதெல்லாம் குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்தில் முதலில் அந்தப் பெயரைத்தான் எழுதுகிறேன். கிலோமீட்டர் அதற்கு அப்புறம்.

ஜனவரி 13

தண்ணீர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு தண்ணீர் இடத்திலிருந்து அடுத்த தண்ணீர் இடம் 80 கிலோமீட்டர். என் வழக்கமான வேகத்துக்கு ஐந்து மணி நேரம். வெயிலில் மணிக்கு முக்கால் லிட்டர் குடிப்பேன், அதனால் நாலு லிட்டர் போதும். பயத்துக்கு இரண்டு சேர்த்து ஆறு எடுத்தேன். தாராளம் என்று நினைத்தேன். பத்து மணிக்குக் காற்று திரும்பியது. வேகம் 9. ஐந்து மணி நேரப் பாதை ஒன்பது மணி நேரமானது. வெயில் ஏற ஏறக் குடிப்பதும் மணிக்கு ஒரு லிட்டராகிவிட்டது. எட்டாவது மணியில் கடைசி வாய். இன்னும் 11 கிலோமீட்டர் பாக்கி.

அடுத்த இருபது நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. சாலையின் வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. பின்னால் ஒரு லாரி வரும் சத்தம் கேட்டதும் இறங்கி நின்று, காலி பாட்டிலைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தேன். ஓட்டுநர் நிறுத்தினார். என்ன மொழியில் பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஐந்து லிட்டர் கேன் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு, நான் முதல் ஒரு லிட்டரை மெதுவாகக் குடித்து முடிக்கும்வரை கூடவே நின்றார். என் தோளை ஒரு முறை தட்டிவிட்டுப் போனார். அவர் முகம் மறந்துவிட்டது, அந்தக் கை மறக்கவில்லை.

அதன் பிறகு நான் எந்தத் திட்டத்தையும் கிலோமீட்டரில் போடுவதில்லை. உடம்பு தண்ணீரை மணிக்கணக்கில் கேட்கிறது. சோற்றையும் தூக்கத்தையும் அப்படித்தான் கேட்கிறது. அடுத்த தண்ணீர் எத்தனை கிலோமீட்டர் என்பது வரைபடத்தின் கேள்வி. இன்றைய காற்றில் எத்தனை மணி நேரம் என்பதுதான் உங்கள் கேள்வி. நான் இப்போது மிக மோசமான வேகத்தை, எனக்கு 8, வைத்து நேரம் கணக்கிட்டு, அந்த நேரத்துக்குத் தண்ணீர் எடுக்கிறேன். 80 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர். பத்து கிலோ எடைதான், ஆனால் இந்தச் சுமை மட்டும் மணிக்கு மணி தானே குறைந்துகொண்டு வரும்.

ஜனவரி 14

பத்து லிட்டர் எடுத்தால் பத்தையும் குடித்துத் தீர்த்துவிட வேண்டும் என்று பொருளில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தண்ணீர்க் குறைவுக்கும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான், அதனால் ஆள் இன்னும் குடிப்பார், இன்னும் மோசமாகும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. தாகத்துக்குக் குடியுங்கள், உப்பையும் சேருங்கள்.

ஜனவரி 17

தூரத்தில் ஒரு கோபுரம் தெரியும், அரை மணியில் போய்விடலாம் என்று தோன்றும். நம்பாதீர்கள்.

நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரம் என்றால் அடிவானம் சுமார் நாலரைக் கிலோமீட்டர். ஆனால் 30 மீட்டர் உயரமான ஒரு தானியக் கிடங்கு, காற்று தெளிவாக இருந்தால், 24 கிலோமீட்டரிலிருந்தே தலையைக் காட்டத் தொடங்கும். மணிக்கு 16இல் போனால் ஒன்றரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு மிதிக்க வேண்டும். எதிர்காற்றில் மூன்று மணி நேரம். முதல் பயணத்தில் எனக்கு அழுகையே வந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். நகர்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிடும்.

இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வழி, பார்வையைக் கிட்டத்தில் வைத்துக்கொள்வது. சாலையோரக் கிலோமீட்டர் கல், அடுத்த கம்பம், தார் ஒட்டுப்போட்ட இடம். இப்படிப் பார்த்துப் போனால் சின்ன விஷயங்கள் கண்ணில் படும். ஒரு காலை முழுக்க எறும்பு வரிசைகள் சாலையைக் கடப்பதை எண்ணிக்கொண்டே போனேன். 41 வரிசை. அந்தக் காலை எனக்கு இன்றும் பிடித்த காலை.

ஜனவரி 18

டயர் பற்றி இன்னொருவர் கேட்டதற்குச் சுருக்கமாக.

வறண்ட நிலத்தில் முதல் எதிரி நெருஞ்சி. உலகத்தின் பல வறண்ட பகுதிகளில் அதே செடிதான் பரவிக் கிடக்கிறது. காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொன்றிலும் முள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். அது ஊர் ஊராகப் பரவியதில் டயருக்கும் பங்குண்டு. சாலையை விட்டு இறங்கினால் வண்டியை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். கூடாரம் போட இருபதே அடி உருட்டினேன், காலையில் இரண்டு டயரிலும் சேர்த்துப் பதினொரு முள்.

பேட்ச் நிறைய எடுங்கள். சொல்யூஷன் இரண்டு சிறிய டியூபாக எடுங்கள், திறந்த டியூப் சில நாளிலேயே காய்ந்து போகும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் பூசி, பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து அப்புறம் ஒட்டுங்கள். அவசரத்தில் ஈரத்தோடு ஒட்டியது நிற்காது.

ஸ்போக் கம்பி உடைந்தால் பெரும்பாலும் பின் சக்கரத்தில், செயின் பக்கம்தான் உடையும். அந்தப் பக்கக் கம்பிகளில்தான் இழுவிசை அதிகம். அங்கே புதுக் கம்பி போடப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். என்னிடம் மாற்றுக் கம்பி நான்கு இருந்தது, கருவி இல்லை. இரண்டு நாள் கோணிய சக்கரத்தோடு, பின் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்.

ஜனவரி 22

இவ்வளவு சொல்லிப் பயமுறுத்திவிட்டேன் போலிருக்கிறது, போவதா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். போங்கள்!

ஆர்தர் ரிச்சர்ட்சன் 1896 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்குத் தனியாகச் சைக்கிளில் கிளம்பினார். இடையில் நல்லார்பர் சமவெளி. அந்தப் பெயருக்கே 'மரமில்லை' என்று பொருள். தந்திக் கம்பி வரிசையைப் பிடித்துக்கொண்டு, சிறிய மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையுமாக 31 நாளில் போய்ச் சேர்ந்தார். 1899 ஜூனில் மறுபடி கிளம்பி, 1900 பிப்ரவரிக்குள் அந்தக் கண்டத்தையே சுற்றி வந்தார். இன்று அதே சமவெளியைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது.

அவருக்கு முன்பே தாமஸ் ஸ்டீவன்ஸ், 1884 ஏப்ரலில் கலிபோர்னியாவிலிருந்து, முன்சக்கரம் மிகப் பெரிதாக இருக்கும் பழைய உயரச் சக்கர வண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பி, 1886 டிசம்பரில் ஜப்பானின் யோகோஹாமாவில் முடித்தார். அவருடைய மழைக்கோட்டுதான் கூடாரமாகவும் படுக்கையாகவும் இருந்தது. ஓட்ட முடியாத இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இது எனக்குப் பெரிய ஆறுதல். எதிர்காற்றில் இறங்கித் தள்ளும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். தள்ளி நடந்த தூரமும் பயணத்தில் சேர்த்திதான்.

ஜனவரி 23

"விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் எல்லோரிடமும் சொல்வது அதுதான். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலே ஓடும் வேகக் காற்று கலந்து கீழிறங்கும். பிற்பகலில் உச்சம், மாலையில் ஓயும். ஆகவே விடியற்காலை உங்களுடையது.

இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். ஒன்று, வானிலை மாற்றத்தோடு வரும் காற்றுக்கு இரவு பகல் கிடையாது. ஒரு முறை இரண்டு இரவு முழுக்க அடங்காமல் வீசியது. மூன்று மணிக்கே எழுந்து கிளம்பிய என் முயற்சி வீண், தூக்கமும் போனது. இரண்டு, கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் சூரியன் உதித்த முதல் முக்கால் மணி நேரம் சாலையில் இருக்க வேண்டாம். பின்னால் வரும் வண்டியோட்டியின் கண்ணில் நேராக வெயில் அடிக்கும், நீங்கள் அவருக்குத் தெரியவே மாட்டீர்கள். மேற்கே போகிறவர்களுக்கு மாலையில் அதே ஆபத்து. நான் அந்த நேரத்தில் சாலையை விட்டு இறங்கிச் சாப்பிடுகிறேன்.

ஜனவரி 23, மறுபடியும்

பெரிய லாரிகளை மறந்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் பல பெட்டிகளைக் கோத்து இழுக்கும் தொடர் லாரிகள் 53.5 மீட்டர் நீளம்கூட இருக்கும். குறுக்குக் காற்றுக்குச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது காற்று வரும் பக்கமாக அப்படி ஒன்று கடந்தால், சில நொடி காற்று நின்றுபோகும். நீங்கள் லாரியை நோக்கிச் சாய்வீர்கள். அது தாண்டியதும் காற்று ஓங்கி அறையும். பின்னால் வருவதைப் பார்க்க வண்டியில் கண்ணாடி மாட்டுங்கள். பின்னால் ஒன்று, எதிரே ஒன்று, இரண்டும் உங்களருகில் சந்திக்கப்போகிறது என்றால் யோசிக்காமல் ஓரமண்ணில் இறங்குங்கள்.

ஜனவரி 29

கை மரத்துப்போவது. முதல் குறிப்பில் நரம்பு என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டேன், அது போதாது.

என் மூன்றாவது பயணத்தின் ஐந்தாம் நாள் இடதுகைச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தன. குளிர் என்று நினைத்தேன். எட்டாம் நாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கம் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் நாள் முழுக்க அழுந்தினால் இப்படி ஆகும் என்று பிறகு மருத்துவர் சொன்னார். திரும்பி வந்து ஏழு வாரம் ஆனது முழு உணர்ச்சி வர. பேனா பிடிக்க முடியாத ஏழு வாரம்.

நேர்ச்சாலையில் கை அசைய வேண்டிய தேவையே இல்லை, அதுதான் சிக்கல். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள். அதே நேரத்தில் சீட்டிலிருந்து எழுந்து முப்பது மிதி மிதியுங்கள், தோலும் பிழைக்கும். மரத்தால் "நாளை சரியாகும்" என்று விடாதீர்கள். சீட்டின் முன்பக்கம் கீழே சரிந்திருக்கிறதா பாருங்கள், சரிந்திருந்தால் உடம்பின் எடை முழுக்கக் கைக்கு வரும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

பிப்ரவரி 2

தனிமை பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் மனம் ஊரிலேயே இருக்கும், பழைய சண்டைகளை மறுபடி போடும். மூன்றாம் நான்காம் நாள் வாய் தானாகப் பேசத் தொடங்கும். நான் வண்டியிடம் பேசுவேன், மாடுகளுக்கு வணக்கம் சொல்வேன். மாடுகள் மேய்வதை நிறுத்தி ஆச்சரியமாகப் பார்க்கும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நிசப்தம் வரும். செயின் ஓடும் சத்தமும் மூச்சும் மட்டும். அதற்காகத்தான் மறுபடி மறுபடி போகிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தினமும் மாலை ஒரு செய்தி அனுப்புங்கள். வராவிட்டால் தேடச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதில் கடைசி வரியை மாற்றுகிறேன். என் வீட்டில் நடந்ததே மறந்துவிட்டது. ஒரு மாலை பேட்டரி தீர்ந்து செய்தி போகவில்லை. அக்கா இரவு முழுக்கத் தூங்காமல், விடிந்ததும் காவல் நிலையம் போய்விட்டார். நான் கூடாரத்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் ஒப்பந்தம் இது: ஒரு மாலை தவறினால் ஒன்றுமில்லை, இரண்டாவது மாலையும் தவறினால் தேட வேண்டும். தேடுபவர் கையில் என் பாதையும், கூடாரத்தின் நிறமும், வண்டியின் படமும் இருக்க வேண்டும். இதைக் கிளம்பும் முன்பு உட்கார்ந்து பேசி எழுதிக் கொடுத்துவிடுங்கள். தொலைபேசி எட்டாத இடம் என்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாங்கியோ இரவல் வாங்கியோ எடுத்துப் போங்கள்.

பிப்ரவரி 11

இடி மின்னல். வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது பொய், கூடாரமும் காப்பாற்றாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் அது உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கட்டடம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் கைகாட்டி ஏதாவது காருக்குள் ஏறுங்கள், வெட்கப்பட வேண்டாம். தனி மரத்தடிக்குப் போகவே கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி வெளியே.

பிப்ரவரி 20

நாளை கிளம்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு நாளைப் பத்து நாளாக்கியது ரொம்பச் சரி. சீட் கோணத்தையும் பல்சக்கரக் கருவியையும் பார்த்துவிட்டீர்களா?

பிப்ரவரி 23

முதலில் கேட்ட அந்த வாசகரிடமிருந்து இன்று வந்த செய்தி: "கோடைக் காற்று நேர் எதிரே. 31 கிலோமீட்டர்தான் ஆனது. பத்தரைக்கே நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஏழு லிட்டர் இருக்கிறது. ஒரு மதகின் அடியில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்."

31 நல்ல தூரம். மதகில் இரவு தங்க வேண்டாம், எங்கோ பெய்த மழை அங்கே வந்து சேரும். மாலையில் காற்று ஓய்ந்ததும் மேட்டுப் பக்கம் கூடாரம் போடுங்கள். வாசல் கிழக்கே இருக்கட்டும்.

பிப்ரவரி 23, மாலை

ஆணியை நேராக அடிக்காமல், தலை கூடாரத்தை விட்டு விலகும்படி சாய்த்து அடியுங்கள். மேற்குப் பக்கத்துக்கு இரண்டிரண்டாக.